வட்டுவாகல் பாலமும் ஒரு தையல் அளவு நாடாவும்: நிகழ்வு ஆய்வு

புதுக்குடியிருப்பில் வாரத்தில் ஒரு நாள் நான் உளவளத்துணைக்காக அமர்ந்திருக்கும் சிறிய அறைக்கு, 2022 ஓகஸ்ட் மாதத்தில் 44 வயதுடைய ஒரு பெண் வந்தார். வீட்டில் தையல் இயந்திரம் வைத்துப் பாடசாலைச் சீருடைகளும் சட்டைகளும் தைத்து, வயதான தாயாரையும் பள்ளி செல்லும் மகளையும் பார்த்துவருபவர். கணவரைப் போரின் கடைசி மாதங்களில் இழந்தவர். அவர் உளவளத்துணை கேட்டு வரவில்லை. தாயாரை மாதந்தோறும் மாஞ்சோலையிலுள்ள மாவட்ட வைத்தியசாலையின் கிளினிக்குக் கூட்டிச்செல்ல யாராவது ஒருவரை ஒழுங்கு செய்து தர முடியுமா என்று கேட்கவே வந்தார். ஏன் நீங்களே கூட்டிப்போக முடியாது என்று கேட்டேன். "இவ்வளவு நாளும் ஒட்டுசுட்டானாலை சுத்தித்தான் கொண்டுபோனனான் தங்கச்சி. இப்ப பஸ் காசு கட்டாது" என்றார்.

வன்னியை அறியாதவர்களுக்கு இந்த விடையின் பொருள் உடனே விளங்காது. புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவு நகரத்துக்கு ஏ35 வீதியால் நேரே போனால் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். மந்துவில், இரட்டைவாய்க்கால், முள்ளிவாய்க்கால் என்று போகும் அந்த வீதி, நந்திக்கடல் களப்பு கடலோடு சேரும் இடத்தில் வட்டுவாகல் பாலத்தால் மறுகரை ஏறுகிறது. அதைத் தவிர்க்க விரும்புபவர் தெற்கே ஒட்டுசுட்டானுக்கு இறங்கி, அங்கே மாங்குளம் வீதியில் இன்னொரு பஸ் பிடித்து, முள்ளியவளையால் வர வேண்டும். தூரம் இரட்டிப்பாகிறது, பஸ் பிந்தினால் பகல் முழுவதும் போய்விடுகிறது. எரிபொருள் தட்டுப்பாட்டால் பஸ் கட்டணம் ஏறி, முச்சக்கரவண்டிக்காரருக்கும் கியூஆர் முறையில் வாரத்துக்கு இவ்வளவுதான் பெற்றோல் என்று அளந்து கொடுக்கப்பட்ட அந்த ஆண்டில், ஒரு பாலத்தைத் தவிர்ப்பதற்கு அவர் கொடுத்துவந்த விலை அவருடைய கொள்ளளவைத் தாண்டிவிட்டது. பயம் பத்து ஆண்டுகளுக்கு மேலாக அவருடன் இருந்தது. அதைப் பற்றிப் பேச வைத்தது வறுமைதான்.

இந்த ஆய்வை அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். அவருடைய ஊரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். குடும்ப விபரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கொப்பியில் அவர் எழுதியவற்றை எழுத்து மாறாமல் தருகிறேன்.

பாலம்

அந்த ஆண்டுகளில் வட்டுவாகல் பாலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு வாகனம் போகும் அகலம், தண்ணீருக்கு மிக அண்மையான உயரம், இடையிடையே உடைந்துபோன கரைக்கட்டைகள். எதிரே வாகனம் வந்தால் மறுமுனையில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2009 மே மாதத்தின் நடுப்பகுதியில், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் ஒடுங்கியிருந்த சனம் இந்த வழியால்தான் மறுகரைக்கு வந்தது. அவரும் அன்று ஒரு வயதுக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இதனூடாக வந்தவர். தண்ணீரில் என்ன கிடந்தது என்பதை அவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை.

செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து ஊர் திரும்பிய பின், அவர் முதன்முறை முல்லைத்தீவுக்குப் போக பஸ்ஸில் ஏறினார். முள்ளிவாய்க்கால் தாண்டியதும் களப்புச் சேற்றின் வாடை யன்னலால் வந்தது. கை விறைத்து, மூச்சு முட்டி, நடுவழியில் இறங்கிவிட்டார். இறங்கிய உடனேயே உடம்பு இலேசானது. அந்த இலேசுதான் பின்னர் வந்த ஆண்டுகளை ஆண்டது. பயந்த இடத்தை விட்டு விலகியதும் கிடைக்கும் ஆறுதல், விலகியதனால்தான் தப்பினோம் என்று உடம்புக்குக் கற்பித்துவிடுகிறது. அடுத்த தடவை பயம் இன்னும் முன்னதாகவே வந்து நிற்கிறது. அவருடைய எல்லை ஆண்டுதோறும் வடக்கே நகர்ந்தது. முதலில் பாலம், பிறகு முள்ளிவாய்க்கால், பிறகு இரட்டைவாய்க்கால். 2022 இல் மந்துவில் தாண்டிப் போவதே அவருக்கு முடியாத காரியமாகியிருந்தது.

அவர் அதுவரை யாரிடமும் உதவி கேட்காமலும் இல்லை. ஓர் அலுவலகத்தில், "எல்லாரும்தான் அதாலை வந்தது, நீங்கள் மட்டுமா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உறவினர்கள் அன்போடு சொன்னது, துணிந்தவருக்குத் துக்கமில்லை என்ற பழமொழியை. அந்தப் பழமொழி அவரை எவ்வளவு காயப்படுத்தியது என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்தே விளங்கியது. தன்னுடைய துக்கம் தீராமல் இருப்பதற்குத் தன்னுடைய துணிவின்மையே காரணம் என்று அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

முயலும் அளவு நாடாவும்

முதலில் அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பிப் பரிசோதித்தோம். கடும் மனச்சோர்வோ உயிராபத்தான எண்ணங்களோ இல்லை என்றும், படிப்படியாக நெருங்கும் பயிற்சியை மேற்பார்வையோடு தொடங்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இவ்வகைப் பயிற்சியை எல்லோருக்கும், எந்தப் பரிசோதனையும் இல்லாமல், நல்லெண்ணத்தை மட்டும் நம்பித் தொடங்கக்கூடாது.

அவருக்கு நான் கோட்பாடு எதுவும் சொல்லவில்லை. 1924 இல் மேரி கவர் ஜோன்ஸ் பதிவுசெய்த ஒரு சிறுவனின் கதையைச் சொன்னேன். நியூயோர்க்கில் இருந்த, மூன்று வயது நிரம்பாத அந்தப் பிள்ளைக்கு முயலென்றால் நடுக்கம். பிள்ளை விருப்பமான உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கூட்டோடு அறையின் தூர மூலையில் வைத்தார்கள். நாளுக்கு நாள், பிள்ளை தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும், கூடு நெருங்கி வந்தது. கடைசியில் பிள்ளை முயலைத் தடவி விளையாடியது. கதையைக் கேட்ட அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப ஒரேயடியா மடியிலை வைக்கேல்லைத்தானே" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பச் சரி" என்றார். அந்த "அப்பச் சரி"தான் எங்களுடைய ஒப்பந்தம்.

பயத்தை அளக்க ஓர் அளவு தேவைப்பட்டது. மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே அறிமுகப்படுத்திய 0 முதல் 100 வரையான அளவை அவருக்கு விளக்கிப் பார்த்தேன். அவர் பணிவாகத் தலையாட்டினார். அடுத்த வாரம் எல்லா நாளுக்கும் 50 என்று எழுதிக்கொண்டு வந்தார். பிறகு தன் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றி மேசையில் விரித்து, "இதிலை சொல்லட்டோ" என்று கேட்டார். 60 அங்குல நாடா. 60 என்றால் நெஞ்சு வெடிக்கும். 40 என்றால் கை விறைக்கும், ஆனால் நிற்கலாம். 20 என்றால் உள்ளே ஒரு பதைப்பு, வெளியே தெரியாது. இருபது ஆண்டுகளாக ஆட்களின் தோளையும் இடுப்பையும் அளந்த கைக்கு அந்த நாடாவில் பொய் சொல்ல வராது. அதன் பின் அவர் எழுதிய ஒவ்வோர் எண்ணும் வேறுபட்டது. ஒவ்வோர் எண்ணையும் நான் நம்பினேன்.

நாளாந்தப் பயிற்சியை அவருடைய வழக்கத்தோடு இணைத்தோம். காலையில் தேநீர் குடித்து முடித்து, தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவதற்கு முன், கதிரையில் நிமிர்ந்து இருந்து, புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவு வரை வழியிலுள்ள இடங்களின் பெயர்களைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லும்போது அந்த இடத்தை மனதில் பார்க்க வேண்டும். பத்து நிமிடம். முடிந்ததும் எண்ணைக் கொப்பியில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். முதல் நாள் இரட்டைவாய்க்காலோடு குரல் நின்றுவிட்டது. "இரட்டைவாய்க்கால் 47. அதுக்கு மேலை ஏலாது" என்பது முதற்பதிவு. பதினோராம் நாள் வட்டுவாகல் என்ற சொல் வாயில் வந்தது. அன்று அவருடைய மகள், அம்மா யாரோடு கதைக்கிறா என்று எட்டிப்பார்த்ததாகவும், அதற்குப் பின் சில நாட்கள் மகளும் கூட இருந்து பெயர்களைச் சேர்ந்து சொன்னதாகவும் கொப்பியில் இருக்கிறது. இதை நான் திட்டமிடவில்லை. இந்தப் பயிற்சியில் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

நாள் தவறுவது பற்றி அவர் மிகவும் கவலைப்பட்டார். ஒரு நாள் காய்ச்சலால் விட்டுவிட்டு, எல்லாம் பாழாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தார். பழக்கம் உருவாகும் விதம் பற்றி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் செய்து 2009 இல் வெளியிட்ட ஆய்வை அவருக்குச் சொன்னேன். 96 பேர் தாங்களே தெரிந்தெடுத்த ஒரு சிறு செயலை நாள்தோறும் செய்தார்கள். செயல் தன்னியல்பாக மாற நடுத்தரமாக 66 நாட்கள் பிடித்தன. ஆளுக்காள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுக்கவில்லை. 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்று மேடைகளில் சொல்லப்படுவதைக் கேட்டு, 22ஆம் நாள் தம்மைத் தாமே வெறுத்துக்கொண்ட பலரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த எண்களை யாராவது முன்னரே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு தவறுகள்

செப்டெம்பரில் வெளியே போகத் தொடங்கினோம். பஸ் காசு இருக்கும் அளவுக்கு, வாரத்தில் இரண்டு நாள். முதலில் மந்துவில் வரை போய்த் திரும்புவது, பின்னர் இரட்டைவாய்க்கால், பின்னர் முள்ளிவாய்க்காலில் இறங்கிப் பனையடியில் எண் பாதியாகக் குறையும் வரை நிற்பது. குறையும் வரை நிற்பது என்பதுதான் இதன் உயிர்நாடி. உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடினால் பழைய பாடமே மீண்டும் பதியும். ஒரு நாள் அந்தப் பனையடியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். 49 இலிருந்து 24 க்கு இறங்கியது. அவர் அந்த நேரத்தில் தைக்க வேண்டிய சீருடைகளின் எண்ணிக்கையை எனக்குச் சொல்லிக்கொண்டு நின்றார்.

ஒக்டோபரில் முதல் இடர் வந்தது. முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு செத்த வீடு. போயே ஆக வேண்டிய உறவு. அவருடைய மைத்துனர் ஒருவர், நல்ல மனிதர், மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஒட்டுசுட்டானால் போவதாகச் சொல்லிவிட்டு நேரே ஏ35 ஆல் விட்டுவிட்டார். "கண்ணை மூடுங்கோ மச்சாள், ஒரு நிமிசம்தான்" என்றாராம். பாலம் ஒரு நிமிடத்தில் கடந்தும் விட்டது. மறுகரையில் அவர் சத்தி எடுத்தார். இரண்டு இரவு நித்திரை இல்லை. கொப்பியில் 16 நாட்கள் வெறுமையாகக் கிடந்தன. அதற்குப் பின்னான முதற்பதிவு மந்துவிலுக்கு 44.

ஊரார் கண்ணுக்கு அவர் பாலத்தைக் கடந்துவிட்டார். பாலம் ஒன்றும் செய்யவில்லை என்பதும் நிரூபணமாகிவிட்டது. பிறகேன் பயம் கூடியது? அவருடைய உடம்பு கற்றுக்கொண்டது வேறு: கண் மூடியிருந்ததால் தப்பினேன், வேறொருவர் ஓட்டியதால் தப்பினேன், அதைவிட, இனி யாரை நம்பி ஏறினாலும் பாலத்துக்கே கொண்டுபோய்விடுவார்கள். 2009 இல் அவர் அந்தப் பாலத்தில் தன் விருப்பத்தின் பேரில் நடக்கவில்லை. 2022 இலும் அதுவே மீண்டும் நடந்தது. அறைக்குத் திரும்பி வந்தபோது அவரே அதைச் சரியாகச் சொன்னார்: "மச்சான் முயலைத் தூக்கி மடியிலை போட்டிட்டார்." நாங்கள் மைத்துனரையும் ஒரு நாள் அழைத்து, மூவருமாக இருந்து கதைத்தோம். அவர் அழுதார். பிற்காலத்தில் அவர்தான் மிகவும் பொறுமையான துணையானார்.

இரண்டாவது தவறு என்னுடையது. மீண்டும் முள்ளிவாய்க்கால் வரை வந்து, பாலத்தின் வடமுனையில் நிற்கத் தொடங்கியபோது, நான் அவருடைய வலப்பக்கத்தில், களப்புக்கும் அவருக்கும் இடையில் நின்றேன். ஐந்து தடவை அப்படி நின்றோம். எண் 50 இலிருந்து 20 வரை அழகாக இறங்கியது. நான் மகிழ்ந்து, மேற்பார்வை செய்யும் மருத்துவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: நீர் எந்தப் பக்கம் நின்றீர்? அடுத்த முறை நான் பத்தடி பின்னால் நின்றேன். எண் 52 க்குப் பாய்ந்தது. ஐந்து தடவையும் அவர் களப்பைப் பார்க்கவே இல்லை. நானே உடைந்த கரைக்கட்டைக்குப் பதிலாக நின்று மறைத்திருக்கிறேன். துணை என்பது ஓர் எல்லைக்குப் பின் மறைப்பாகிவிடும் என்பதைப் படித்திருந்தும், அன்பு கலந்தபோது அதைக் காணத் தவறிவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஒன்றை மட்டும் நான் தொடவில்லை. பாலத்தடியில் நிற்கும்போது அவர் வற்றாப்பளை அம்மனை வாய்க்குள் கூப்பிட்டுக்கொண்டே நிற்பார். பாடநூல்களின்படி அதுவும் பயத்தை மறைக்கும் ஒரு கைத்தடியாகலாம். ஆனால் அந்தக் களப்பின் மறுகரையில்தான் அம்மன் இருக்கிறா. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் வழக்கத்தைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர் அவர். அந்தப் பெயர் அவருடைய கண்ணை மூடவில்லை, திறந்துவைத்தது. போரால் காயப்பட்ட வடபுலத்துச் சமூகங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், இங்கே நிகழ்ந்தது தனிமனிதரின் காயம் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட கூட்டு வடு என்று எழுதிவந்தார். அப்படியானால் ஆறுவதும் கோயிலையும் உறவையும் விட்டுத் தனியே நடக்க முடியாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கில் 31 சிறுவர்களுடன் நடந்த ஓர் ஆய்வில், நடந்ததைக் கோவையாகச் சொல்லவைத்த பிள்ளைகளும், தியானமும் உடல் தளர்வும் பழகிய பிள்ளைகளும் என இரு பகுதியினருமே வெகுவாகத் தேறினார்கள். எங்கள் மண்ணில் வழி ஒன்றுதான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மாரி

நவம்பரில் மாரி தொடங்கியது. நந்திக்கடல் நிரம்பி, பாலத்தின் மேலால் நீர் பாயும் நாட்கள் வரும் காலம். அந்த நாட்களில் பாலத்துக்கு அஞ்சுவது நோயன்று, புத்தி. இதை அவருக்கு நான் தெளிவாகச் சொன்னேன். பயத்தை மீறப் பழகும் ஒருவர் உண்மையான ஆபத்தையும் மீறத் தொடங்கினால் அந்தப் பழக்கம் அவரைக் கொன்றுவிடும். வெளிப்பயிற்சியை நிறுத்தினோம்.

ஆனால் நாளாந்தக் கொப்பியை மூட அவருக்கு விருப்பமில்லை. "வேறை ஏதும் சின்னப் பயம் இருந்தால் எழுதட்டோ" என்று கேட்டார். எழுதச் சொன்னேன். அடுத்த வாரம் வந்த பட்டியலைப் பார்த்து நான் வாயடைத்துப்போனேன். தைத்துக் கொடுத்த சட்டைக்குக் காசு கேட்கப் பயம். கடன் சொல்லித் துணி கொண்டுவருபவருக்கு இல்லை என்று சொல்லப் பயம். மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசப் பயம். வீட்டுக்கு வந்து நிற்கும் நுண்கடன் வசூலிப்பாளரிடம் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கப் பயம். பாலத்தைச் சுற்றிப் போகப் பழகிய கால்கள் எல்லாவற்றையும் சுற்றியே போகப் பழகியிருந்தன.

மாரி மூன்று மாதமும் அவர் நாளுக்கு ஒரு சின்னக் காரியம் செய்தார். நவம்பர் இறுதியில் ஒரு பதிவு: "ரீச்சரிட்டை போன மாதக் காசு கேட்டனான். 33. அவ உடனை தந்திட்டா. மறந்துபோனன் எண்டு சொன்னவ." டிசெம்பரில்: "கடன் எண்டு கொண்டு வந்த துணியைத் திருப்பிக் குடுத்தனான். 41. இரவு முழுக்க யோசினை. அவ காலமை காசோடை வந்தவ." நத்தார் கிழமையில் ஒரு தோல்வியும் உண்டு: சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, பேச வாய் வராமல், தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியேறிவிட்டார். "58. ஆனால் எழும்பினனான்" என்று எழுதியிருக்கிறார். அந்த "ஆனால்" என்ற சொல்லின் கீழ் நான் சிவப்புப் பேனையால் கோடு போட்டேன்.

தைப்பொங்கலுக்குப் பின், தையல் கூலியை ஒரு மட்டையில் எழுதி இயந்திரத்துக்கு மேலே தொங்கவிட்டார். உளவியலாளர் அல்பேர்ட் பந்துரா 1977 இல் எழுதியபடி, தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு மிக உறுதியான ஊற்று தானே செய்து பார்த்த அனுபவம். பிறர் செய்வதைக் காண்பதும் பிறர் சொல்லும் ஊக்கமும் அதற்குப் பின்னால்தான். அவரை நான் எத்தனையோ தடவை பாராட்டியிருக்கிறேன். அந்த மட்டை செய்ததில் பத்தில் ஒன்றையும் என் பாராட்டு செய்யவில்லை.

மறுகரை

2023 பெப்ரவரியில் நீர் வற்றி, பாலம் காய்ந்திருந்தது. இம்முறை எண்கள் முன்னையவற்றைவிட வேகமாக இறங்கின. வடமுனையில் நின்றார். பிறகு பாலத்தில் ஐந்து அடி. பிறகு முதலாவது உடைந்த கட்டை வரை. வீச்சுவலை எறிந்துகொண்டு நின்ற ஒரு முதியவர் எங்களைப் பல நாள் பார்த்துவிட்டு, ஒரு நாள், "பிள்ளை, நீர் எவடத்தாலை வந்தனீர்" என்று அவரைக் கேட்டார். அவர் இடத்தைச் சொன்னார். முதியவர் தன்னுடைய இடத்தைச் சொன்னார். 2009 இல் இருவரும் ஒரே நாளில் அந்தப் பாலத்தால் வந்திருந்தார்கள். அதற்கு மேல் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. வலை விழுந்து, ஈயமணிகள் தண்ணீரில் தாழ்ந்து, அவர் அதை மெல்ல இழுத்தெடுக்கும் வரை மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றைய எண் 26.

மார்ச் மாதத்தின் இரண்டாம் கிழமையில் அவர் பாலத்தை முழுவதாக நடந்து கடந்தார். நான் வடமுனையிலேயே நின்றேன். மைத்துனர் மறுகரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, சொன்னபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நடுப்பாலத்தில் எதிரே ஒரு பஸ் வர, அவர் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. பஸ் போகும் வரை களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் எண் 55 ஆக இருந்ததாகப் பிறகு சொன்னார். அதாவது, துணிவு வந்த பின் அவர் நடக்கவில்லை. நாடாவின் நுனிவரை பயம் இருக்கும்போதே நடந்தார். ஏழு மாதப் பயிற்சி அவருக்குக் கொடுத்தது 55 இலும் நிற்கத் தெரிந்த கால்களை.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் தனியே பஸ்ஸில் போனார். யன்னலோர இருக்கை, 31. அந்த மாதக் கிளினிக்குத் தாயாரை நேர்வழியால் கூட்டிச்சென்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினார்கள்.

மே மாதத்தில் நான் ஒரு முடிவெடுத்தேன். அதைப் பற்றி என் துறையைச் சேர்ந்தவர்கள் வேறு விதமாகவும் நினைக்கலாம். போர் முடிந்த நாளான மே 18 ஐ ஒட்டிய கிழமையில் பயிற்சி எதுவும் வேண்டாம், எண் எதுவும் எழுத வேண்டாம் என்று சொன்னேன். முள்ளிவாய்க்கால் நினைவிடத்தில் ஒருவர் விளக்கேற்றி அழுவதை அங்குலத்தால் அளக்கக்கூடாது. பயம் குறைய வேண்டியது. துயரம் அப்படியன்று, அதற்கு அதன் இடமும் நாளும் உண்டு. அவரிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர்தான் அந்தப் பழமொழியைப் பற்றி முதன்முறையாகச் சொன்னார். "அப்ப நான் துணிஞ்சாலும் அழலாம் என்ன" என்று கேட்டார்.

வைகாசிப் பொங்கலுக்குத் தாயாரோடும் மகளோடும் வட்டுவாகலால் வற்றாப்பளைக்குப் போனார். பொங்கலிரவு பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் அதிகம் சொல்லவில்லை.

எண் ஒருபோதும் பூச்சியத்துக்கு வரவில்லை. இத்தகைய பயிற்சி பழைய பயத்தை அழிப்பதில்லை, அதன் அருகில் புதிய ஓர் அறிவை வளர்க்கிறது என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலருடைய விளக்கம். இரண்டும் உள்ளே இருக்கின்றன. எது முந்துகிறது என்பது நாளையும் இடத்தையும் பொறுத்தது. கோடையில் நீர் வற்றிச் சேறு வாடை எழும் நாட்களில் அவருடைய எண் மீண்டும் ஏறுகிறது. அதனால் அவர் தேவையில்லாதபோதும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பாலத்தால் போய்வருகிறார். காலையில் இடங்களின் பெயரைச் சொல்வதும் நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொப்பியை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்.

கடைசியாக நான் பார்த்த பக்கத்தில், 2023 ஓகஸ்ட் மாதப் பதிவு இது. நந்திக்கடல் இறாலை அவர் 2009 க்குப் பின் வீட்டுக்குள் எடுத்ததில்லை என்பதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்:

"பாலம் 14. வலைக்காரர் நிண்டவர். அம்மா ஆசைப்பட்டவ எண்டு அரைக் கிலோ இறால் வாங்கினனான். நானே உடைச்சுக் கழுவிச் சமைச்சனான். அம்மாவும் பிள்ளையும் சாப்பிட்டவை. நான் சாப்பிடேல்லை."